பாரிசுக்கு விறகு தந்த மலை
ஸ்தேனில் இருந்து மோர்வான் காடுகளுக்கு மோட்டார் சைக்கிள்களில் ஒரு கூட்டுப் பயணம்

பாரிசுக்குப் பக்கத்தில் மலை கிடையாது. நகரத்தின் உயர்ந்த மேடான மோன்மார்த்ர் 130 மீற்றர். அதை மலை என்று உல்லாசப் பயணிகள்தான் சொல்வார்கள். நாங்கள் குடியிருக்கும் வடக்குப் புறநகர் ஸ்தேன் அதைவிடத் தட்டை. மோட்டார் சைக்கிளைச் சாய்த்துத் திருப்ப நல்லதொரு வளைவு வேண்டுமென்றால் நூற்றுக்கணக்கான கிலோமீற்றர் ஓடியாக வேண்டும். அல்ப்ஸ் மலைக்குப் போய்வர முதலாளியிடம் விடுமுறை கேட்க வேண்டும். வோஜ் மலைக்குப் போகவே ஒரு பகல் முடிந்துவிடும். ஞாயிறு விடிய வெளிக்கிட்டு, ஓர் இரவு தங்கி, திங்கள் இரவு வீடு திரும்பி, செவ்வாய் காலை வேலைக்கு நிற்கக்கூடிய மலை ஒன்றுதான். தெற்கே ஏறத்தாழ 250 கிலோமீற்றரில், பூர்கோஞ் பிரதேசத்தின் நடுவில் கிடக்கும் மோர்வான்.

இந்த ஞாயிறு, திங்கள் கணக்கு உணவகச் சமையலறையில் நிற்பவர்களுக்கு உடனே விளங்கும். பாரிசில் பல உணவகங்களுக்கு அந்த இரண்டு நாட்களும்தான் பூட்டு. பாரிசின் தமிழ்க் கடைத்தெருவான லாச்சப்பலில் கடை வைத்திருப்பவர்களுக்கோ ஞாயிறுதான் வியாபாரம். அவர்கள் இந்தக் கூட்டத்தில் சேர்வது அரிது. சமையற்காரர், பஸ் ஓட்டுநர், கணக்காளர், பல்கலைக்கழகத்தில் படிக்கிற பெடியள், பெட்டையள் என்று வயதும் தொழிலும் கலந்த குழு எங்களுடையது. வண்டிகளும் அப்படியே: யமஹா எம்.ரி.07, பழைய ஹொண்டா, உயரமான பி.எம்.டபிள்யூ, நகரத்துக்கென்று வாங்கிய ரீமாக்ஸ் ஸ்கூட்டர்.

மோர்வான் பற்றிய சுற்றுலாக் கையேடுகள் ஏரி, காடு, வெள்ளைப் பசு என்று மூன்று படம் போடும். அந்தப் படங்களுக்குப் பின்னால் ஒரு நீண்ட கொடுக்கல் வாங்கல் இருக்கிறது. இந்த மலை பல நூற்றாண்டுகளாகப் பாரிசுக்கு விறகு அனுப்பியது, தாய்ப்பால் அனுப்பியது, ஆட்களை அனுப்பியது. பாரிஸ் கைவிட்ட குழந்தைகளை வாங்கி வளர்த்தது. அதே பாரிசுக்கு உழைப்பை விற்று வாழ்கிற நாங்கள் இதைத் தெரிந்துகொண்டு அங்கே போவது நல்லது. அந்த வீதிகளில் எப்படி ஓட வேண்டும் என்பதையும் அது சொல்லித்தரும்.

கூட்டமாக ஓடுவதென்றால்

கூட்டு ஓட்டத்தின் வேகத்தைத் தீர்மானிப்பவர் முன்னுக்குப் போகிறவர் அல்ல, எல்லாரிலும் மெதுவாக வருகிறவர். அதனால்தான் புதிதாக ஓடுபவரை முன்னவருக்கு அடுத்ததாக, இரண்டாம் இடத்தில் விடுவது வழக்கம். கடைசியாக வருபவர் அனுபவசாலியாக இருக்க வேண்டும்; யாராவது நின்றால் அவரும் நிற்பார். நேர் வீதியில் ஒருவர் பாதையின் இடப்பக்கம், அடுத்தவர் வலப்பக்கம் என்று மாறி மாறிப் போவோம். முன்னால் போகிறவருக்கும் பின்னால் வருகிறவருக்கும் இடையில் குறைந்தது இரண்டு செக்கன் இடைவெளி. வளைவு தொடங்கியதும் அந்த ஒழுங்கைக் கலைத்து ஒற்றை வரிசைக்கு வந்துவிட வேண்டும், ஏனென்றால் வளைவில் ஒவ்வொருவருக்கும் பாதையின் முழு அகலமும் தேவை. சந்தி வந்தால் பின்னால் வருகிறவரின் வெளிச்சம் கண்ணாடியில் தெரியும்வரை திரும்பக்கூடாது. இந்த ஒரு விதியை எல்லாரும் காப்பாற்றினால் யாரும் வழி தவற மாட்டார்கள்.

இதெல்லாம் மிகையான எச்சரிக்கை போலத் தோன்றலாம். பிரான்ஸின் வாகனப் போக்குவரத்தில் மோட்டார் சைக்கிள்களின் பங்கு மிகச் சிறியது. ஆனால் வீதி விபத்தில் இறப்பவர்களில் ஏறத்தாழ ஐந்தில் ஒருவர் மோட்டார் சைக்கிளில் போனவர். தலைக்கவசத்தோடு தரச்சான்று பெற்ற கையுறையும் 2016 நவம்பரில் இருந்து கட்டாயம். 2024 ஏப்ரலில் இருந்து இருசக்கர வண்டிகளுக்கும் தொழில்நுட்பப் பரிசோதனை வந்துவிட்டது. நெரிசலில் வாகன வரிசைகளுக்கு இடையில் புகுந்து போவதற்குப் பல வருடப் பரீட்சார்த்தத்துக்குப் பிறகு 2025 ஜனவரியில்தான் சட்டம் முழுமையாக இடம் கொடுத்தது. அதுவும் மணிக்கு 50 கிலோமீற்றருக்கு மேல் போகாமல்.

எங்கள் மூத்தவர்களுக்கு வண்டி ஓட்டப் பழக்கிய பள்ளிக்கூடம் வேறு. தொண்ணூறுகளின் பொருளாதாரத் தடைக்குள் யாழ்ப்பாணத்தில் பெற்றோல் கண்ணில் காணக் கிடையாது. சில துளி பெற்றோலை விட்டு எஞ்சினை உயிர்ப்பித்து, சூடேறியதும் மண்ணெண்ணெய்க்கு மாற்றி, புகை கக்கக் கக்க ஹொண்டா எம்.டி.90 ஓட்டியவர்கள் அவர்கள். “அந்தக் காலத்து மோட்டச்சைக்கிளை ஓடினவனுக்கு எஞ்சின் சத்தத்திலயே வருத்தம் தெரியும்” என்பார் எங்கள் குழுவின் மூத்த அண்ணை. பாரிசில் பிறந்த பெடியளுக்கு அது நம்ப முடியாத கதை. அண்ணைக்கோ, வண்டியில் மின்னணுத் திரை எதற்கு என்பதுதான் நம்ப முடியாதது.

தோட்டக் காணியில் இருந்து கோதுமை வெளிக்கு

ஸ்தேனும் ஒரு காலத்தில் பயிர் நிலம்தான். சென் துனி, ஒபேர்வில்லியே, லா கூர்நேவ், ஸ்தேன் என்று விரிந்த இந்த வடக்குச் சமவெளி பாரிசுக்குக் காய்கறி போட்ட தோட்டக் காணி. 1920களிலும் 30களிலும் இங்கே தொழிலாளருக்கென்று தோட்டநகர் கட்டினார்கள். பின்னர் அடுக்குமாடிகள் எழுந்தன. சென் துனியையும் ஸ்தேனையும் இணைக்கும் வீதியோரமாக இன்றும் ஒரு சிறு பண்ணை மிஞ்சிக் கிடக்கிறது. நகரம் தன் சோற்றுக்கு நிலத்தைத் தேடிக்கொண்டே தள்ளித் தள்ளிப் போனதற்கு அது சாட்சி.

தெற்கே இறங்கும்போது அந்தத் தேடலின் அடுத்த கட்டம் வரும். 1969இல் நகரின் மையத்தில் இருந்த லே ஆல் சந்தையைக் கிளப்பிக் கொண்டுபோய் வைத்த இடம் றன்ஜிஸ். லாச்சப்பல் கடைக்காரர்களில் எத்தனையோ பேருக்கு நள்ளிரவுக்குப் பிறகு தொடங்கும் வேலை நாளின் முதல் தரிப்பு அது. அதைத் தாண்டினால் ஆறாம் இலக்க ஓட்டோறூட். கட்டணச் சாவடியில் மோட்டார் சைக்கிளுக்குத் தனி வகுப்பு; காருக்கு வாங்குவதைவிடக் குறைவு. அதற்குப் பிறகு கண்ணுக்கு எட்டியவரை வேலியில்லாத கோதுமை, கடுகு வயல்கள். அந்த நேர் வீதியில் ஓடுவதில் சுவாரசியம் ஒன்றும் இல்லை. காற்று மட்டும் கழுத்தை இழுக்கும்.

அவலோன் நகரில் இறங்கினால் எல்லாம் மாறிவிடும். மேற்கே சிறிது தள்ளி, குன்றின் உச்சியில் வேஸ்லே. 1146இல் புனித பேர்னார் இரண்டாம் சிலுவைப் போருக்கு ஆள் திரட்டிப் பேசிய ஊர். அதன் தேவாலயமும் குன்றும் 1979இல் யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்தன. அங்கே ஒரு கோப்பி குடித்துவிட்டுத் தெற்கே திரும்பினால் வீதி ஒடுங்கும், நிலம் மடியும், காணிகள் சிறுக்கும். ஒவ்வொரு காணியைச் சுற்றியும் உயிருள்ள மரங்களால் வேலி. கிளுவையும் பூவரசும் கதியால் நட்டு எல்லை போட்ட யாழ்ப்பாணத்து வளவைப் போல இங்கே முட்செடியையும் காட்டுக்கொட்டை மரத்தையும் வெட்டி, வளைத்து, பின்னி வேலியாக்கியிருக்கிறார்கள். உள்ளே ஷரோலே இனத்து வெள்ளை மாடுகள். எங்கள் அண்ணைமார் வண்டியை ஓரங்கட்டி நிறுத்துவது மலைக்காட்சியைப் பார்க்க என்று பெடியள் நினைப்பார்கள். அவர்கள் வேலியைத்தான் பார்த்துக்கொண்டு நிற்பார்கள்.

விறகு போன ஆறு

பதினாறாம் நூற்றாண்டில் பாரிசைச் சுற்றியிருந்த காடுகள் நகரத்தின் அடுப்புக்குப் போதாமல் போயின. மோர்வானில் காடு நிறைய இருந்தது. அதை ஏற்றிவர வண்டிப் பாதை இல்லை. ஆறு இருந்தது. அந்த நூற்றாண்டின் நடுப்பகுதியில் ஆற்றிலேயே விறகை மிதக்கவிடும் முறை வழக்கத்துக்கு வந்தது. அதோடு சேர்த்துச் சொல்லப்படும் வியாபாரி ஜோன் ரூவேயின் மார்பளவுச் சிலை கிளாம்சி நகரப் பாலத்தில் இன்றும் இருக்கிறது.

முறை எளிமையானது, வேலைதான் கொடூரம். குளிர்காலத்தில் மரத்தை வெட்டி ஒரே நீளத்தில் துண்டு போட்டு, துண்டின் தலையில் வியாபாரியின் குறியைச் சுத்தியலால் அடிப்பார்கள். மலையில் ஆங்காங்கே கட்டிவைத்த குளங்களின் மதகை ஒரே நேரத்தில் திறந்துவிட, பெருகும் நீரில் துண்டுகள் தனித்தனியாக மிதந்து கூர் ஆற்றிலும் யோன் ஆற்றிலும் இறங்கும். யோன் கரையில் கிளாம்சியில் இடுப்பளவு குளிர்நீரில் நின்று அவற்றை மறித்து, குறி பார்த்துப் பிரித்து, 70 மீற்றருக்கு மேல் நீளமான தெப்பங்களாகக் கட்டுவார்கள். ஒரு தெப்பக்காரரும் ஒரு சிறுவனும் அதைச் செய்ன் நதி வழியாகப் பாரிசுக்கு ஓட்டிச் செல்வார்கள். போய்ச்சேரப் பத்துப் பதினொரு நாள். விறகை ஒப்படைத்துவிட்டு மலைக்கு நடந்தே திரும்புவார்கள். நூற்றாண்டுகளாகப் பாரிசின் அடுப்பில் எரிந்த விறகில் பெரும்பகுதி இப்படி வந்ததுதான். நிலக்கரியும் ரயிலும் வந்தபின் அந்தத் தொழில் தேய்ந்து, 1920களில் நின்றுபோனது.

இன்று மோர்வானுக்கு வரும் மோட்டார் சைக்கிள்காரர் எல்லாரும் நின்று படம் எடுக்கும் செத்தோன் ஏரி இந்தக் கதையின் மிச்சம். கூர் ஆற்றில் விறகை மிதக்கவிடத் தண்ணீர் தேக்கி வைப்பதற்காக 1854க்கும் 1858க்கும் இடையில் கட்டிய அணை அது. ஏறத்தாழ 360 ஹெக்ரேயர் பரப்பு. இப்போது பாய்ப்படகும் முகாம் கூடாரமும் ஐஸ்கிறீம் கடையும். ஏரியைச் சுற்றிப் போகும் வீதி மெதுவாக ஓடுவதற்கென்றே போட்டது போல வளைந்து வளைந்து போகும்.

விறகுக்குப் பின்னால் ஆட்களும் போனார்கள். அனோ என்ற ஊர்ப்பக்கத்து மாட்டுவண்டிக்காரர்கள் வசந்தம் வந்ததும் எருதுகளை ஓட்டிக்கொண்டு வேறு மாகாணங்களுக்கு மரம் இழுக்கப் போய், குளிர் தொடங்கும்போதுதான் வீடு திரும்புவார்கள். ஆண்டின் பாதி அப்பா இல்லாத வீடுகள் அந்த ஊருக்குப் புதிதல்ல.

பால் வீடுகள்

அம்மா இல்லாத வீடுகளும் இருந்தன. பத்தொன்பதாம் நூற்றாண்டில் பாரிஸ் வசதிக்காரர் வீடுகளில் செவிலித்தாய் என்றால் மோர்வான்காரிக்குத்தான் முதலிடம். தன் பிள்ளை பிறந்து சில வாரம், சில மாதத்தில் அதை ஊரில் பாட்டியிடமோ பக்கத்து வீட்டிலோ விட்டுவிட்டு, அவள் பாரிசுக்குப் போய் இன்னொருத்தியின் பிள்ளைக்குப் பால் கொடுப்பாள். அந்தக் காசில் ஊரில் ஓட்டுக்கூரையோ கற்கூரையோ போட்டு வீடு எழும்பும். அவற்றைப் பால் வீடுகள் என்றே சொன்னார்கள். இன்றும் சில கிராமங்களில் காட்டுகிறார்கள்.

வீட்டுக்குக் கொடுத்த விலையையும் ஒருவர் கணக்கெடுத்தார். மோன்சோஷ் ஊரின் மருத்துவர் ஷார்ல் மோனோ, இந்தத் தொழிலுக்கும் மோர்வான் குழந்தைகளின் மரணத்துக்கும் உள்ள தொடர்பை 1860களில் எழுதி வெளியிட்டார். கூலிக்கு வளர்க்கப்படும் சிறு குழந்தைகளை அரசின் கண்காணிப்புக்குள் கொண்டுவந்த 1874ஆம் ஆண்டின் ரூசெல் சட்டத்துக்கு இப்படியான மருத்துவர்களின் குரல் வழி திறந்தது.

எதிர்த்திசையிலும் ஒரு வண்டி ஓடியது. பாரிசில் கைவிடப்பட்ட, அநாதையான குழந்தைகளைப் பொது உதவித் திணைக்களம் மோர்வான் குடும்பங்களிடம் வளர்க்க அனுப்பியது. மாதப் பணம் வரும். பிள்ளை வளர்ந்தால் பண்ணை வேலைக்கும் ஆள். 1910இல் பாரிசில் பிறந்து, இப்படி அனுப்பப்பட்டு அலினி ஊரில் வளர்ந்த ஒருவர்தான் பின்னாளில் புகழ்பெற்ற எழுத்தாளரான ஜோன் ஜெனே. அதே ஊரில் 2016இல் செவிலியருக்கும் அந்தப் பிள்ளைகளுக்குமாக ஓர் அருங்காட்சியகம் திறந்திருக்கிறார்கள். எங்கள் குழுவில் பெண்கள் அதிக நேரம் நின்ற இடம் அதுதான். பிள்ளையை ஊரில் அம்மம்மாவிடம் விட்டுவிட்டு வெளிநாடு வந்து, மற்றவர் பிள்ளையைப் பார்த்துச் சம்பாதித்தவர்களின் கதை எங்களுக்கு யாரும் விளக்கிச் சொல்லத் தேவையில்லாதது.

காடும் அதன் கணக்கும்

மோர்வானின் உச்சி ஓ ஃபொலான், 901 மீற்றர். அதை நோக்கி ஏறும்போது காடு இரண்டு விதமாக மாறி மாறி வரும். பீச்சும் ஓக்கும் நிற்கிற பகுதியில் வெளிச்சம் இலைகளுக்குள்ளால் இறங்கும். வீதி ஈரமாக இருக்கும். அடுத்த வளைவில் டக்ளஸ் ஊசியிலை மரங்கள், ஒரே வயது, ஒரே உயரம், ஒரே இடைவெளி. உள்ளே இருட்டு. அதற்கடுத்த வளைவில் ஒன்றுமே இல்லை: மொட்டையடித்த மலைச்சரிவு, அடிக்கட்டைகள், கனரக இயந்திரத்தின் தடம்.

இதற்கும் பாரிசோடு தொடர்பு உண்டு. சனம் நகரங்களுக்குப் போய் ஊர்கள் வெறுமையாக, உழாமல் கிடந்த காணிகளில் மரம் நட்டார்கள். இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு அரசின் காடு வளர்ப்பு நிதி வேகமாக வளரும் ஊசியிலை மரங்களுக்குக் கைகொடுத்தது. வட அமெரிக்காவில் இருந்து வந்த டக்ளஸ் மரம் நாற்பது, ஐம்பது வருடத்தில் வெட்டுக்கு வரும்; ஓக் மரத்துக்கு அதைப்போல இரண்டு, மூன்று மடங்கு காலம் காத்திருக்க வேண்டும். முழுச்சரிவையும் ஒரே தடவையில் வெட்டுவதை எதிர்த்து 2003இல் ஊர்க்காரரும் ஆதரவாளரும் காசு சேர்த்து, இலையுதிர் காடுகளைத் தாங்களே விலைக்கு வாங்கிக் காப்பாற்றும் கூட்டமைப்பு ஒன்றைத் தொடங்கினார்கள். மர வியாபாரத்தில் வேலை செய்யும் குடும்பங்களும் அதே ஊர்களில்தான் இருக்கின்றன. விவாதம் இன்னும் ஓயவில்லை.

வீதியோர வயல்களில் இடுப்பளவு உயரத்தில் வரிசை வரிசையாக நிற்பது கிறிஸ்துமஸ் மரம். பிரான்ஸில் அந்த மரம் வளர்ப்பதில் மோர்வான் முன்னணியில் நிற்கிறது. மார்கழியில் எங்கள் அடுக்குமாடி வாசலில் வலைக்குள் சுருட்டி வைத்து விற்பது இங்கே ஆறேழு வருடம் வளர்ந்ததாக இருக்கலாம்.

மண்பாதைகளைக் கண்டால் உயரமான வண்டி வைத்திருப்பவர்களுக்குக் கை துறுதுறுக்கும். அதற்கு இடமில்லை. வாகனப் போக்குவரத்துக்குத் திறக்கப்படாத இயற்கை நிலத்துக்குள் இயந்திர வண்டி ஓட்டுவதை 1991 ஜனவரிச் சட்டம் தடை செய்கிறது. அதோடு மோர்வான் 1970இல் இருந்தே பிரதேச இயற்கைப் பூங்கா. மேடு பள்ளமான அந்த மண்பாதைகளில் சில மழைக்காலத்தில் உடைந்தால் திருத்தும் செலவு சில நூறு பேர் வாழும் ஊராட்சியின் தலையில் விழும்.

எரிந்த ஊர்கள்

இந்தக் காட்டின் இருட்டுக்கு இன்னொரு பயனும் இருந்தது. ஜெர்மன் ஆக்கிரமிப்புக் காலத்தில் போராளிக் குழுக்கள் பல இங்கேதான் முகாம் போட்டிருந்தன. 1944 யூன் 25ஆம் திகதி மோன்சோஷ், பிளான்ஷே ஊர்களை ஜெர்மன் படை எரித்தது. மறுநாள் தன் லே பிளாஸ் ஊருக்குள் புகுந்து, ஊர்ப் பாதிரியார் உட்பட 27 ஆண்களைக் கொன்றது. ஊரூ அருகே காட்டுக்குள் இருக்கும் கல்லறைத் தோட்டத்தில் போராளிகளோடு பிரிட்டிஷ் விமானப்படையினரும் கிடக்கிறார்கள். சென் பிறிசோனில் பூங்கா அலுவலகம் இருக்கும் வளவில் எதிர்ப்பியக்க அருங்காட்சியகம் உண்டு. தன் லே பிளாஸில் வண்டிகளை நிறுத்தி எஞ்சினை அணைத்துவிட்டு நடந்து போவது எங்கள் வழக்கம். தண்டனையாக ஊர் எரிக்கப்படுவது எப்படி என்று தெரிந்தவர்கள் எங்கள் கூட்டத்தில் இருக்கிறார்கள்.

மோர்வானில் இருக்கும் சாத்தோ சினோன் ஒரு மலைநகரம். பிரான்சுவா மித்தரோன் 1959 முதல் 1981வரை அதன் நகரபிதா. 1981 மே 10ஆம் திகதி இரவு ஜனாதிபதித் தேர்தலில் வென்ற செய்தியை அவர் கேட்டதும் இங்கே ஒரு விடுதியில்தான். இலங்கையின் 1983 யூலைக் கலவரத்துக்குப் பிறகு பாரிசில் வந்திறங்கிய எங்கள் முதல் தலைமுறை அகதி விண்ணப்பம் எழுதிக் கொடுத்தது அவருடைய ஆட்சியில். அந்த விடுதியைத் தாண்டும்போது மூத்தவர்கள் ஒரு தடவை ஹோர்ன் அடிப்பதற்கு அதுதான் காரணம்.

போக நினைப்பவர்களுக்கு

மே கடைசியில் இருந்து செப்ரெம்பர் நடுப்பகுதிவரை நல்ல காலம். அதன் பிறகு வேட்டைக் காலம். ஞாயிறுகளில் வீதியோரத்தில் வேட்டை அறிவிப்புப் பலகை நிற்கும், கலைபட்ட மானும் பன்றியும் குறுக்கே பாயும். விடியலிலும் பொழுதுபடும்போதும் எந்தக் காலத்திலும் மான் வரும். கோடையில் வீதி திருத்திய இடங்களில் உதிரிச் சல்லி கிடக்கும். அறுவடை நேரம் உழவு இயந்திரத்தின் ரயரில் இருந்து விழுந்த சேறு வளைவுக்குள் காத்திருக்கும். இரண்டிலும் முன் பிறேக்கைத் தொட்டால் விழுந்தது விழுந்ததுதான். வேகத்தை வளைவுக்கு முன்னரே குறைத்துவிட வேண்டும். கிராமப்புற இருவழி வீதிகளில் 2018 யூலை முதல் வேக எல்லை 80. பின்னர் சில மாவட்டங்கள் சில வீதிகளில் அதை 90 ஆக்கின. பலகையைப் பார்த்து ஓடவும். பெற்றோல் நிலையங்கள் அருமை என்பதால் அவலோனிலேயே தாங்கியை நிரப்பிவிடுங்கள். மேலே குளிரும், மழைச்சட்டை கட்டாயம்.

எதிரே வரும் மோட்டார் சைக்கிள்காரர் இடக்கையின் இரண்டு விரலை விரித்துக் காட்டுவார். நீங்களும் காட்ட வேண்டும். கார் ஒதுங்கி வழிவிட்டால் வலக்காலை நீட்டி நன்றி சொல்வது இந்த நாட்டு வழக்கம். உழவு இயந்திரக்காரருக்கும் அதைச் சொல்லுங்கள். அவர் ஒதுங்கி நின்ற நேரம் அவருடைய வேலை நேரம்.

பாரிசில் எங்களிடம் முதலில் கேட்கப்படும் கேள்வி, எந்த நாட்டுக்காரர் என்பது. மோர்வானில் வேறு. வண்டி இலக்கத்தகட்டின் ஓரத்தில் இருக்கும் எங்கள் மாவட்ட எண் 93ஐப் பார்த்துவிட்டு, பாண் கடைக்காரம்மா “ஓ, பாரிஸ்காரரா” என்று ஒரு தினுசாகச் சொல்வார். எங்கள் பெடியளுக்கு அதில் சந்தோசம். கேட்காமலே கிடைத்த குடியுரிமை. ஆனால் அந்தப் பெயரை வாங்கிக்கொண்டால் அதோடு ஒட்டிக்கொண்டு வரும் கடனையும் வாங்கத்தான் வேண்டும். இந்த மலையின் விறகில் குளிர் காய்ந்து, பாலைக் குடித்து, பிள்ளைகளைக் கொண்டுவந்து போட்ட ஊரின் ஆட்களாகத்தான் நாங்கள் அங்கே போகிறோம். அந்தக் கடனை அடைக்க மோட்டார் சைக்கிளில் போகிறவரால் ஆகக்கூடியது கொஞ்சம்தான்: ஊருக்குள் கைப்பிடியைத் தளர்த்தி ஓடுவது, சாப்பாட்டையும் படுக்கையையும் அங்கேயே காசு கொடுத்து வாங்குவது, காட்டுப் பாதையைக் காட்டுக்காரருக்கு விட்டுவிடுவது. இந்த மூன்றுக்கும் உடன்படாத ஒருவரை, வண்டி எவ்வளவு பெரிதானாலும், எங்கள் வரிசையில் சேர்ப்பதில்லை.